கேஷ் பேக் கார்டா, எயார்லைன் கார்டா? கணக்குப் பார்த்து முடிவெடுப்போம்

மாதச் சம்பளம் வங்கிக்கு வருகின்ற எவருக்கும் இப்போது அடிக்கடி ஓர் அழைப்பு வருகிறது. "சேர், உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்ட் தயாராக இருக்கிறது" என்று மறுமுனையில் இனிமையாகச் சொல்வார்கள். முன்பெல்லாம் கார்ட் எடுப்பதா, இல்லையா என்பதுதான் கேள்வியாக இருந்தது. இப்போது எந்தக் கார்ட் என்பதே கேள்வி. ஒரு பக்கம், செலவழித்த பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் கேஷ் பேக் கார்ட். மறுபக்கம், செலவழிக்கச் செலவழிக்க 'மைல்ஸ்' சேர்த்து விமான டிக்கட் தருவதாகச் சொல்லும் எயார்லைன் கார்ட்.

கணக்கு வேலை என்னுடைய தொழில் என்பதால் குடும்பத்திலும் ஊரிலும் பலர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். பளபளக்கும் விளம்பரத் தாளை நீட்டி, "இதில் எது லாபம்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குரிய பதிலைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வட்டி

எந்தக் கார்ட் என்று பார்ப்பதற்கு முன்னர் தீர்க்க வேண்டிய விடயம் இது. கிரெடிட் கார்ட் என்பது கடன். குறித்த திகதிக்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் வட்டி விழாது. ஒரு பகுதியை மட்டும் செலுத்தினால், மிகுதிக்கு மட்டுமே வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வங்கிகளின் நிபந்தனை அப்படி இல்லை. முழுத் தொகையைச் செலுத்தத் தவறிய மாதத்தில், ஒவ்வொரு கொள்வனவுக்கும் அதைச் செய்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடிக் காலத்தில் நம் நாட்டில் கடனட்டை வட்டி வருடத்துக்கு 36 வீதம் வரை போனது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி அதற்கு 28 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. அந்த 28 வீதத்தையே வைத்துப் பாருங்கள். ஓர் இலட்சம் ரூபாவை ஒரு மாதம் பின்போட்டால் வட்டி சுமார் 2,300 ரூபா. அதே ஓர் இலட்சத்துக்கு ஒரு வீதக் கேஷ் பேக் வெறும் 1,000 ரூபா. ஒரு மாதம் தவறினால், இரண்டு மாதம் சேர்த்ததும் போய் மேலதிகமாகவும் போகிறது. ஆகவே, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் செலுத்த முடியாதவருக்கு இந்த இரண்டு கார்டுகளில் எதுவும் லாபம் இல்லை.

நம்மில் பலருக்கு இது வெறும் லாப நட்டக் கணக்கு மட்டுமல்ல, மார்க்க விடயமும்கூட. ஜித்தாவைத் தளமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் நடத்திய அமர்வில் இதை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனை உள்ள கடனட்டையை, சலுகைக் காலத்துக்குள் செலுத்திவிடும் எண்ணத்தோடுகூட, எடுப்பது கூடாது என்பது அதன் தீர்மானம். இன்றைய தேவையையும் முழுத் தொகையையும் நேரத்துக்குச் செலுத்தும் உறுதியையும் வைத்து இதை வேறு விதமாகப் பார்க்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் நம்பும் ஆலிமிடம், கார்டின் நிபந்தனைத் தாளையே கையில் கொண்டுபோய்க் கேளுங்கள். விளம்பரத்தை வைத்துக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கூடாது என்ற முடிவுக்கு வருபவர்கள் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை என்பதையும் இந்தக் கணக்கின் இறுதியில் காண்பீர்கள்.

சலுகைப் பணம் எங்கிருந்து வருகிறது?

வங்கி தன் கையிலிருந்து நமக்கு அன்பளிப்புத் தருவதில்லை. நாம் கார்டால் பணம் செலுத்தும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கு தரகாகக் கழிக்கப்பட்டு, வங்கிகளுக்கும் விசா, மாஸ்டர் கார்ட் போன்ற வலையமைப்புகளுக்கும் பகிரப்படுகிறது. அந்தத் தரகு, நாம் கட்டும் வருடாந்தக் கட்டணம், மற்றவர்கள் கட்டும் வட்டி ஆகியவற்றிலிருந்துதான் கேஷ் பேக்கும் மைல்ஸும் வருகின்றன. எயார்லைன் கார்டில் வங்கி விமானக் கம்பனியிடமிருந்து மைல்ஸை மொத்தமாக விலைக்கு வாங்கி நமக்குச் சில்லறையாகத் தருகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். சில கடைகளில் "கார்ட் என்றால் மூன்று வீதம் கூடும்" என்கிறார்கள். தாம் கட்ட வேண்டிய தரகை நம் தலையில் வைக்கிறார்கள். கடைக்கும் வங்கிக்கும் இடையிலான உடன்படிக்கை இதை அனுமதிப்பதில்லை. இப்படிக் கேட்டால் கார்டைத் தந்த வங்கியிடம் முறையிடலாம். எப்படியிருந்தாலும், மூன்று வீதம் கூடுதலாகக் கொடுத்து ஒரு வீதம் திரும்பப் பெறுவது இரண்டு வீத நட்டம். அந்த இடத்தில் காசாகவே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேஷ் பேக்கில் கவனிக்க வேண்டியவை

கேஷ் பேக்கின் நல்ல குணம், அது ரூபாவாகவே வருகிறது என்பது. மாதக் கூற்றில் கழிந்துவிடும். அதை அரிசிக்கும் பயன்படுத்தலாம், மின்சாரப் பட்டியலுக்கும் பயன்படுத்தலாம்.

ஆனால் "5 வீதம் வரை" என்று எழுதியிருந்தால் 'வரை' என்ற சொல்லில் நிறுத்தி வாசியுங்கள். ஐந்து வீதம் ஒருசில வகைக் கடைகளுக்கு, அல்லது குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமாக இருக்கும். மற்றவற்றுக்கு ஒரு வீதமோ அதற்கும் குறைவோதான். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பும் இருக்கும். எரிபொருள், மின்சாரம், நீர், காப்புறுதி, அரச கொடுப்பனவு, தவணை முறைக் கொள்வனவு போன்றவற்றைப் பல வங்கிகள் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்தின் செலவில் பெரும் பங்கு இவைதான்.

மைல்ஸில் கவனிக்க வேண்டியவை

மைல்ஸ் என்பது காசு அல்ல. விமானக் கம்பனி வெளியிட்டு, அதன் பெறுமதியையும் தானே தீர்மானிக்கின்ற ஒரு வகைக் கூப்பன். இன்று 25,000 மைல்ஸ் போதும் என்ற பயணத்துக்கு நாளை 35,000 கேட்டால் நாம் எதுவும் செய்ய முடியாது.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் திட்டம் ஃப்ளைஸ்மைல்ஸ். அந்தக் கம்பனி 2014 மே மாதத்தில் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இணைந்ததால் கட்டார் எயார்வேஸ், மலேசியா எயார்லைன்ஸ், கத்தே பசிபிக் போன்றவற்றிலும் அந்த மைல்ஸைப் பயன்படுத்தலாம். எமிரேட்ஸின் திட்டம் ஸ்கைவார்ட்ஸ். கட்டார் எயார்வேஸ் 2022இலிருந்து ஏவியோஸ் என்ற அலகைப் பயன்படுத்துகிறது. சில கார்டுகள் நேரடியாக மைல்ஸ் தருகின்றன. சில வங்கியின் புள்ளிகளைத் தந்து, பின்னர் அவற்றை மைல்ஸாக மாற்றச் சொல்கின்றன. ஒரு தடவை மாற்றிவிட்டால் பொதுவாகத் திருப்ப முடியாது.

நான்கு விடயங்களைக் கட்டாயம் கேட்டறியுங்கள்.

முதலாவது, காலாவதி. ஸ்கைவார்ட்ஸ் உட்படப் பல திட்டங்களில் மூன்று வருடங்களை ஒட்டியே ஆயுள். ஏவியோஸ் போன்றவற்றில் 36 மாதங்கள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அழிந்துவிடும்.

இரண்டாவது, 'இலவச டிக்கட்' முழு இலவசம் அல்ல. விமான நிலைய வரிகளையும், பல கம்பனிகளில் எரிபொருள் மேலதிகக் கட்டணத்தையும் காசாகவே கட்ட வேண்டும். குறுந்தூரப் பயணங்களில் இது டிக்கட்டின் மொத்த விலையில் பெரும் பங்காக இருக்கும்.

மூன்றாவது, ஆசனம். மைல்ஸுக்கென ஒதுக்கப்படும் ஆசனங்கள் சொற்பம். பாடசாலை விடுமுறை, நோன்பு, பெருநாள் என்று நாம் பயணிக்க விரும்பும் நாட்களில்தான் அவை மிக அரிதாகக் கிடைக்கும்.

நான்காவது, கார்டால் சேரும் மைல்ஸ் பொதுவாக வெள்ளி, தங்கம் போன்ற உறுப்புரிமைத் தரத்தை உயர்த்தாது. அதற்குப் பெரும்பாலும் விமானத்தில் ஏறித்தான் ஆக வேண்டும்.

மைல்ஸுக்கு ஒரு நியாயமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. டிக்கட் விலைகள் ரூபாவில் எகிறின. அப்போது கையில் மைல்ஸ் வைத்திருந்தவருக்குத் தேவையான மைல்ஸின் அளவு ரூபாவோடு சேர்ந்து ஏறவில்லை. ரூபாவில் சேர்த்த கேஷ் பேக்கோ தேய்ந்துபோனது. ஆகவே மைல்ஸ் வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

கணக்கு

இங்கே வரும் கட்டணங்களும் விலைகளும் கணக்கை விளக்க நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வங்கி தரும் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு மைலின் பெறுமதியைக் காண வழி இலகுவானது. நீங்கள் போக விரும்பும் பயணத்தின் சாதாரண டிக்கட் விலையிலிருந்து, மைல்ஸ் டிக்கட்டுக்கும் காசாகக் கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மிகுதியைத் தேவையான மைல்ஸால் வகுங்கள். டிக்கட் 110,000 ரூபா, வரியும் கட்டணமும் 50,000, தேவையான மைல்ஸ் 25,000 என்று வைப்போம். மிச்சமாவது 60,000 ரூபா. ஒரு மைல் 2 ரூபா 40 சதம்.

கார்ட் 200 ரூபா செலவுக்கு ஒரு மைல் தருகிறது என்றால், 200 ரூபாவுக்கு 2.40 ரூபா. அதாவது 1.2 வீதம். கேஷ் பேக் ஒரு வீதம் என்றால் எயார்லைன் கார்டே மேல் என்று தோன்றும். விற்பனைப் பிரதிநிதியும் இந்த இடத்தில்தான் நிறுத்திக்கொள்வார். நாம் இன்னும் இரண்டு படி போக வேண்டும்: வருடாந்தக் கட்டணம், காலாவதி.

கிழக்கிலிருந்து ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். கணவரும் அரச ஊழியர். உம்மாவை உம்ராவுக்கு அனுப்புவது அவருடைய நெடுநாள் ஆசை. "மைல்ஸ் சேர்த்து உம்மாட டிக்கட்ட எடுக்கலாம் என்று சொல்றாங்களே, உண்மையா?" என்றார். வீட்டின் மாதச் செலவில் கார்டால் கட்டக்கூடியது ஓர் இலட்சம். அதில் எரிபொருள், மின்சாரம், காப்புறுதி போன்ற சலுகை இல்லாதவை 40,000. மிகுதி 60,000தான் கணக்குக்கு வரும்.

எயார்லைன் கார்டில் அவருக்கு மாதம் 300 மைல்ஸ் சேரும். வருடத்துக்கு 3,600. மூன்று வருடத்தில் 10,800. தேவையோ 25,000. அதை எட்ட ஏழு வருடம் வேண்டும். ஆனால் மூன்று வருடம் முடிய முதலில் சேர்த்தவை அழியத் தொடங்கும். அதாவது அந்த டிக்கட் என்றைக்குமே வராது. வருடாந்தக் கட்டணம் 12,000 என்றால் மூன்று வருடத்தில் 36,000 ரூபா மட்டும் நிச்சயமாகப் போயிருக்கும்.

கேஷ் பேக் கார்டில் மாதம் 600 ரூபா. வருடத்துக்கு 7,200. கட்டணம் 3,000 போக 4,200. மூன்று வருடத்தில் 12,600 ரூபா. பெரிய தொகையல்ல. ஆனால் அது கையில் இருக்கும்.

உம்ரா விடயத்தில் இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். நம்மவர்கள் பெரும்பாலும் முகவர் ஊடாகக் குழுவாகப் போகிறார்கள். டிக்கட், விசா, தங்குமிடம் எல்லாம் ஒரே தொகையில் அடங்கும். மைல்ஸ் டிக்கட் எடுத்தால், டிக்கட் இல்லாமல் மற்றச் சேவைகளை மட்டும் தர முகவர் சம்மதிக்க வேண்டும். குழு போகும் அதே நாளில், அதே விமானத்தில் மைல்ஸ் ஆசனமும் கிடைக்க வேண்டும். வயதான தாயைத் தனி விமானத்தில் அனுப்ப யாருக்கும் மனம் வராது. மாதம் ஒரு தொகையை உம்மாவின் பெயரில் தனிக் கணக்கில் போடுவதுதான் அந்தப் பயணத்துக்குக் குறுக்கு வழியில்லாத வழி என்றேன்.

இப்போது மறுபக்கம். பேருவளை, சீனன்கோட்டையைச் சேர்ந்த ஒரு மாணிக்க வியாபாரியை எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஆறு தடவையாவது பெங்கொக் போய் வருபவர். வீட்டிலும் பயணத்திலும் கார்டால் செலவழிப்பது மாதம் எட்டு இலட்சம். கடனை ஒரு நாளும் பின்போடுவதில்லை. அவருக்கு மாதம் 4,000 மைல்ஸ். வருடத்துக்கு 48,000. மைலுக்கு 2.40 ரூபா என்றால் 115,200 ரூபா. கேஷ் பேக்கில் ஒரு வீதம் என்றால் வருடத்துக்கு 96,000 வர வேண்டும். ஆனால் மாத உச்சவரம்பு 2,000 ரூபா என்றால் 24,000தான் வரும். எயார்லைன் கார்டுக்கு 40,000 கட்டணம் கட்டினாலும் அவருக்கு 75,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சுகிறது. அதோடு, ஆறு பயணத்திலும் விமான நிலைய லவுஞ்சைப் பயன்படுத்துகிறார். திகதியை இரண்டு நாள் முன்பின் மாற்ற முடிவதால் மைல்ஸ் ஆசனமும் கிடைக்கிறது.

ஒரே இரண்டு கார்டுகள். ஆனால் இரண்டு வீடுகளுக்கு இரண்டு விடைகள்.

லவுஞ்சும் வெளிநாட்டுச் செலவும்

பிரீமியம் கார்டை விற்கும்போது முதலில் காட்டுவது லவுஞ்சைத்தான். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் குடும்பத்தோடு பயணிப்பவருக்கு அதன் பெறுமதி என்ன? பல கார்டுகளில் கார்ட்காரருக்கு மட்டுமே இலவசம். மனைவி பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். இலவச வருகைகளுக்கும் வருடத்துக்கு எண்ணிக்கை உண்டு. இரண்டு மணி நேரம் தேநீரும் சிற்றுண்டியும் பெற 12,000 ரூபா கட்டணம் கட்டுகிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் செலவழித்தால் இரட்டிப்பு மைல்ஸ் என்பார்கள். வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவை ரூபாவாக மாற்றும்போது வங்கி ஒரு வீதத்தைச் சேர்த்துக்கொள்ளும். முத்திரைத் தீர்வையும் உண்டு. கிடைக்கும் மைல்ஸை விட இது கூடுதலா என்று பாருங்கள். டுபாயிலோ பெங்கொக்கிலோ கார்ட் இயந்திரம் "இலங்கை ரூபாவில் கட்டவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாவில் கட்டும்போது மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது மறுபக்கத்தில் உள்ளவர்கள். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு. தனிப்பட்ட கார்ட் வெளிநாட்டில் சொந்தத் தேவைக்கான கொடுப்பனவுகளுக்கு உரியது. மைல்ஸ் சேரும் என்று கடைக்கான சரக்கை அதில் வாங்குவதற்கு முன்னர் வங்கியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன்னர்

என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகக் கேளுங்கள். ஓரிடத்தில் 'இல்லை' என்று வந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

1. கடந்த பன்னிரண்டு மாதமும் என் செலவை அந்தந்த மாத வருமானத்திலேயே கட்டி முடித்தேனா? இல்லை என்றால் கிரெடிட் கார்டே வேண்டாம்.

2. இதன் நிபந்தனைகள் என் மார்க்க மனச்சாட்சிக்கு ஒத்து வருகின்றனவா? இல்லை என்றால் டெபிட் கார்ட் போதும். சுப்பர் மார்க்கட், மருந்தகம், ஆடையகம் போன்றவற்றில் பல வங்கிகள் டெபிட் கார்டுக்கும் கழிவு தருகின்றன.

3. இந்தச் சலுகைக்காக இல்லாவிட்டாலும் நான் வருடத்துக்கு மூன்று, நான்கு தடவையாவது என் சொந்தச் செலவில் பறப்பேனா? இல்லை என்றால் எயார்லைன் கார்ட் வேண்டாம், கேஷ் பேக்கைப் பாருங்கள்.

4. நான் போகும் இடத்துக்குத் தேவையான மைல்ஸை, காலாவதிக்கு முன்னர் என் செலவால் எட்ட முடியுமா? இல்லை என்றால் அதே பதில்தான்.

5. வருடாந்தக் கட்டணத்தைக் கழித்த பின்னும் மிஞ்சுகிறதா? முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடத்தின் கட்டணத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்த பழைய கார்டை வெட்டி எறிந்தால் மட்டும் போதாது. நிலுவையைத் தீர்த்து, கணக்கை மூடியதாக வங்கியிடம் எழுத்தில் பெறுங்கள். மறந்துபோன வருடாந்தக் கட்டணம் நிலுவையாக வளர்ந்து கடன் தகவல் பணியகத்தின், அதாவது 'கிரிப்' எனப்படும் பதிவில் ஏறிவிட்டால், நாளை வீட்டுக்கோ தொழிலுக்கோ வங்கியிடம் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

இன்னும் ஒரு விடயம். சலுகை சேர வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத ஒன்றை வாங்கினால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு வீதம் திரும்பப் பெற நூறு வீதம் செலவழித்திருப்போம். மாதம் 60,000 ரூபா செலவழிக்கும் அந்தக் குடும்பம் வீண் செலவில் ஆயிரம் ரூபாவைக் குறைத்தால், கேஷ் பேக் கார்ட் தரும் 600ஐ விட அது கூடுதல். அதற்கு விண்ணப்பமும் வேண்டாம், வருடாந்தக் கட்டணமும் வேண்டாம்.

நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, கார்ட் அவசியம்தான் என்றால், கட்டணம் குறைந்த ஒரு கேஷ் பேக் கார்ட் போதுமானது. அடிக்கடி பறக்கும் சிலருக்கே எயார்லைன் கார்ட் பொருந்தும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வங்கியின் அழைப்பு தீர்மானிக்க வேண்டாம். கடந்த மூன்று மாதச் செலவுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ளவர்களோடு உட்கார்ந்து நீங்களே தீர்மானியுங்கள்.